இழுத்துக் கட்டிய நூலில் நிலை அலை: அளந்தபோது உங்களுக்கு என்ன நேர்ந்தது?

இழுத்துக் கட்டிய நூலில் அலை ஓடும் வேகத்தை அளப்பது, கல்லூரி முதலாண்டு ஆய்வகத்தில் நான் செய்த சோதனை இது. ஆண்டுகள் பல போய்விட்டன, அன்று போட்ட வரைபடம் மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது. நீங்களும் செய்திருந்தால் எழுதுங்கள்.

மேசையின் ஒரு முனையில் நூலை ஆட்டிவிடும் அதிர்வி, மறுமுனையில் கப்பி, இடையே 1.40 மீட்டர் நூல். கப்பியைத் தாண்டித் தொங்கும் முனையில் எடைத்தாங்கி. அதிர்வியின் அதிர்வெண்ணை மாற்றும் சிக்னல் ஜெனரேட்டரின் குமிழை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் நூல் முதலில் சும்மா நடுங்கும். ஓரிடத்தில் சட்டென்று இரண்டு கண்ணிகளாக உப்பிவிடும், அதுதான் நிலை அலை. இரண்டு கண்ணிகளுக்கும் நடுவே அசையாமல் நிற்கும் கணுவை விரல் நுனியால் தொட்டேன், நூலுக்கு ஒன்றுமே ஆகவில்லை. கண்ணியில் மிகுதியாக ஆடும் புள்ளியான எதிர்க்கணுவைத் தொட்டதும் மொத்த ஆட்டமும் அடங்கிவிட்டது. அசையாத புள்ளி என்று புத்தகத்தில் படித்ததை விரல் உணர்ந்த நொடி அது.

இனி கணக்கு. 3 மீட்டர் நூல் 1.2 கிராம் இருந்தது, அதாவது மீட்டருக்கு 0.4 கிராம். இரண்டு கண்ணி என்றால் அலைநீளம் நூலின் நீளமேதான். எனவே அதிர்வெண்ணை 1.40ஆல் பெருக்கினால் வேகம் வந்துவிடும். 200 கிராம் வைத்தபோது 56 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு, அதாவது நூல் அப்படி உப்பி ஆடும் நிலை, கிடைத்தது, வேகம் நொடிக்கு 78 மீட்டர். இழுவிசையை மீட்டருக்கான நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தாலோ 70தான் வந்தது. 100 கிராமுக்கு அளந்தது 61, கணக்கு 49.5. 400 கிராமுக்கு அளந்தது 105, கணக்கு 99. எப்போதும் அளந்ததே கூடுதல். ஆனால் எடை ஏற ஏற இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. கைப்பிழை இப்படி ஒழுங்காகச் சுருங்குமா?

ஆய்வக ஆசிரியர் விடையைச் சொல்லவில்லை. "வேகத்தின் வர்க்கத்தை நிறைக்கு எதிரே வரைந்து பாருங்க" என்றார். வரைந்தேன். அடிக்கோல் வைத்தது போல நேர்கோடு, ஆனால் அது ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை. "இடப்பக்கம் நீட்டுங்க" என்றார். நீட்டினேன். நிறை அச்சைச் சுழிக்கு இடப்புறம் 50 கிராமில் வெட்டியது. ஓடிப்போய் எடைத்தாங்கியைத் தராசில் வைத்தேன். 50 கிராம்! மேலே அடுக்கிய எடைகளை மட்டும் எண்ணிவிட்டு, அவற்றைத் தாங்கி நின்றதை நான் சேர்க்கவே இல்லை.

* * *

எனக்குச் சுரமானியில், அதாவது இரு கத்திமுனைகள்மேல் கம்பியை இழுத்துக் கட்டிய பெட்டியில், நேர்ந்தது. மின்வழங்கலின் அதிர்வெண்ணைக் காணும் சோதனை. எஃகுக் கம்பி, அதன் நடுப்பகுதிக்கு மேலே மின்காந்தம். கம்பிமேல் மடித்த காகிதத் துணுக்கை உட்கார வைத்து, கத்திமுனைகளை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஒத்ததிர்வு வந்ததும் காகிதம் துள்ளி விழும். அது விழும் அந்தக் கணத்துக்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம்.

கிடைத்த விடை 100 ஹெர்ட்ஸ். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பது தெரிந்ததுதான். எடை, நீளம், கம்பியின் விட்டம் எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன், பிழையே இல்லை. காரணம் காந்தத்தில் இருந்தது. மாறுமின்னோட்டம் ஒரு சுற்றில் இருமுறை உச்சம் தொடுகிறது, ஒருமுறை இந்தத் திசையில், ஒருமுறை எதிர்த்திசையில். காந்தத்தின் எந்த முனை வந்தாலும் எஃகு ஈர்க்கப்படவே செய்யும். ஆக, கம்பி ஒரு சுற்றுக்கு இரண்டு இழுப்பு வாங்குகிறது. மின்னோட்டத்தைக் கம்பிக்குள்ளேயே செலுத்தி, பக்கத்தில் லாடக் காந்தம் வைத்துச் செய்தபோது நேராக 50 வந்தது. அங்கே மின்னோட்டம் திசை மாறினால் விசையும் திசை மாறிவிடுகிறது.

* * *

மேலே அதிர்வெண் இரு மடங்கானது, எனக்கு அதற்கு நேர்மாறாகப் பாதியானது! 1860ஐ ஒட்டி ஜெர்மானியர் ஃபிரான்ஸ் மெல்டே செய்து காட்டிய சோதனை, இசைக்கவையின் புயத்தில் நூலைக் கட்டி அதிரவிடுவது. புயம் நூலுக்குக் குறுக்காக அசைந்தால் இரண்டுக்கும் ஒரே அதிர்வெண். புயம் நூலின் நீளவாக்கில் அசையும்படி கவையைத் திருப்பி வைத்தால், நூல் கவையின் பாதி அதிர்வெண்ணில்தான் ஆடும். நூல் மேலே ஒருமுறை கீழே ஒருமுறை போய்வரும் நேரத்தில் புயம் இருமுறை இழுத்துத் தளர்த்திவிடுகிறது. ஊஞ்சலில் நின்றபடி ஆடுகிறவர், ஒரு போய்வரவுக்கு இருமுறை குந்தி எழுவாரே, அதேதான். கவையைத் திருப்பியதும் கண்ணிகளின் எண்ணிக்கை பாதியானது. பாதியாக்க மறந்து என் வேகம் இரட்டிப்பாக வந்தது.

* * *

இன்னொன்று, சுருக்கமாக. அதிர்வி இருக்கும் முனையைக் கணு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அசைந்துகொண்டுதான் இருக்கிறது, உண்மையான கணு அதிலிருந்து சற்றுத் தள்ளி விழும். முதல் கண்ணியை விட்டுவிட்டு, தெளிவாகத் தெரியும் ஒரு கணுவிலிருந்து கப்பி வரை அளந்து கண்ணிகளின் எண்ணிக்கையால் வகுத்தேன். பொருந்தாத அளவுகள் பொருந்திவிட்டன.

* * *

நான் நூலுக்குப் பதில் மீள்கயிறு கட்டினேன். இயல்பு நீளம் 60 செ.மீ. முதலில் 120க்கு இழுத்து ஒரு கண்ணிக்கான அதிர்வெண்ணைப் பார்த்தேன், பிறகு 180க்கு. நீட்சி இரு மடங்கானதால் இழுவிசையும் ஏறத்தாழ இரு மடங்கு. வேகம் 1.4 மடங்காகும் என்று எதிர்பார்த்தேன், 1.7 மடங்கானது. கயிறு நீள நீள மெலிகிறது, ஒரு மீட்டரில் இருக்கும் நிறையும் குறைகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. கயிறு முழுவதையும் நிறுத்து, கட்டி இழுத்த பிறகு இருக்கும் நீளத்தால்தான் வகுக்க வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. வேகம் அவ்வளவு ஏறியும், நீளமும் கூடவே ஒன்றரை மடங்கானதால் அதிர்வெண் 15 சதவீத அளவுக்குத்தான் உயர்ந்தது. ரப்பர் பேண்டை இரு விரலில் மாட்டி, மேலும் மேலும் இழுத்து மீட்டிப் பாருங்கள். ஓசை எதிர்பார்த்த அளவுக்கு ஏறாது.