மறு: ஹாட் ஜூபிடர் – 'சுடுவியாழன்' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தன் விண்மீனை மிக நெருங்கிச் சுற்றும், வியாழனைப் போன்ற பெரிய கோளை வானியலில் 'ஹாட் ஜூபிடர்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக 'சூடான வியாழன்', 'வெப்ப வியாழன்', 'அண்மை வியாழன்' என்று மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றிலும் எனக்கு நெருடல் இருக்கிறது. சொல்லுக்குப் போகுமுன் பொருளை ஒருமுறை பார்த்துவிடலாம்.

இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு 51 பெகாசியைச் சுற்றும் கோள். 51 பெகாசி சூரியனைப் போன்ற விண்மீன். ஏறத்தாழ 50 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. 1995இல் வானியலாளர்கள் மிஷெல் மேயரும் டிடியே கெலோவும் பிரான்சின் ஓட் புரோவான்ஸ் வானாய்வகத்தில் அதன் நிறமாலையை ஆராய்ந்தபோது, அது 4.2 நாளுக்கு ஒருமுறை நம்மை நோக்கி வருவதும் விலகுவதுமாக அசைவது தெரிந்தது. அதை இழுத்து அசைப்பது, வியாழனில் ஏறக்குறைய பாதி நிறையுள்ள ஒரு கோள். நம் வியாழன் சூரியனைச் சுற்றிவர 12 ஆண்டு ஆகிறது. இந்தக் கோளுக்கோ ஓராண்டு என்பது ஐந்து நாள்கூட இல்லை. புதன் சூரியனிலிருந்து இருக்கும் தொலைவில் ஏழில் ஒரு பங்குதான் இதற்கும் இதன் விண்மீனுக்கும் இடைவெளி. அவ்வளவு நெருக்கத்தில் இருப்பதால்தான் 1000 டிகிரி செல்சியசை ஒட்டிய சூடு. இந்தக் கண்டுபிடிப்புக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, சொல்லுக்கு வருவோம். 'அண்மை' என்றால் எதற்கு அண்மை என்ற கேள்வி வரும். 50 ஒளியாண்டுக்கு அப்பால் உள்ளதை நமக்குப் பக்கத்தில் இருப்பதாக மாணவர் எண்ணிவிடக்கூடும். 'சூடான வியாழன்' கலைச்சொல்லாக இல்லாமல் வருணனையாக நிற்கிறது. தலைப்பில் தனியாக வந்தால் வியாழக்கிழமை வெயிலைப் பற்றிய செய்தி என்றே படிப்பார்கள். 'வெப்ப வியாழன்' பரவாயில்லை. ஆனால் வெப்ப ஆற்றல், வெப்ப இயக்கவியல் என்று 'வெப்ப' ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது.

என் பரிந்துரை 'சுடுவியாழன்'. சுடுநீர், சுடுசோறு, சுடுமண் போல வினைத்தொகை. ஒற்று மிகாது, சொல்லவும் எளிது. 'கோள் சுடுகிறதா, சுடப்படுகிறதா?' என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். சுடுநீர் தொட்டால் சுடும். சுடுமண் சுடப்பட்ட மண். 'சுடு' இரண்டுக்கும் இடம் தருகிறது, இந்தக் கோளுக்கும் இரண்டும் பொருந்தும். சுடுகாடு நினைவுக்கு வருகிறது என்ற தயக்கமும் எழுந்தது. தினமும் சுடுதண்ணீர் கேட்கிறோம். அப்போது யாருக்கும் அந்த நினைவு வருவதில்லையே.

இன்னொரு வசதியும் உண்டு. சற்றுத் தள்ளிச் சுற்றும், சூடு குறைந்த 'வார்ம் ஜூபிடர்' வகைக்கு, வெதுவெதுப்பிலிருந்து 'வெதுவியாழன்' என எடுக்கலாம். 'ஹாட் நெப்டியூன்' சுடுநெப்டியூன் ஆகிவிடும். 'வெதுவியாழன்' உங்கள் காதுக்கு எப்படி ஒலிக்கிறது என்று எழுதுங்கள். அதில்தான் எனக்கு இன்னும் முழு நிறைவு இல்லை.