ஃபூரியே பற்றிப் பேசணும், எங்கே தொடங்குவது?

பட்டர்வொர்த்வாசி:
வர்ற ஞாயிறு பினாங்கில் எங்கள் வாசகர் வட்டத்தில் சார்ல் ஃபூரியே பற்றிப் பேசச் சொல்லிவிட்டார்கள். 1772இல் பிரான்சின் பெசான்சோனில் பிறந்த துணி வியாபாரி மகன், மார்க்ஸுக்கு முந்தைய சோஷலிசவாதி, அதுவரை சரி. அப்புறம் பார்த்தால், கடல் தண்ணீர் ஒருநாள் எலுமிச்சை சர்பத் மாதிரி ஆகிவிடும் என்று எழுதி வைத்திருக்கிறார்! பெரியவர்கள் முன்னால் இதை எப்படிப் பேசுவது?

கித்தாக்காடு:
சர்பத்தை விடுங்கள் தம்பி, அரிசியிலிருந்து தொடங்குங்கள். 1799இல் மார்செய் துறைமுகத்தில், விலை ஏறட்டும் என்று பதுக்கி வைத்தே கெட்டுப்போன அரிசியைக் கடலில் கொட்டும் வேலைக்கு மேற்பார்வை இவர்தான். வியாபாரிகள் மேல் அவருக்கு இருந்த கோபம் கடைசிவரை தணியவில்லை. அவர் சொன்ன மாற்று, சுமார் 1,620 பேர் ஒரே பெரிய கட்டடத்தில் சேர்ந்து வாழ்ந்து உழைப்பது. சொத்தை ஒழிக்கச் சொல்லவில்லை, எல்லாருக்கும் சமமாகக் கொடு என்றும் சொல்லவில்லை. வருமானத்தைப் பன்னிரண்டு பங்காக்கி உழைப்புக்கு 5, போட்ட முதலுக்கு 4, திறமைக்கு 3. 1960இல் நம்ம மலேசியத் தமிழர் தலைவர் துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் பங்கு போட்டுத் தோட்டம் வாங்கிய கதையோடு சேர்த்துச் சொன்னால் நம்மவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

பிரிக்பீல்ட்ஸ்காரி:
அண்ணே, அது பாதிதான் பொருந்தும். பங்கு கைக்கு வந்தாலும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் பால்தானே வெட்டுவார்? ஃபூரியேவுக்கு அது போதாது. ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்வது மனித இயல்புக்கே விரோதம் என்பார். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு வேலை, அதுவும் பிடித்த ஆட்களோடு. என் அம்மா இருட்டோடு பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கு) நின்று, அப்புறம் மரம் மரமாகப் போய் மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) துடைத்துப் பட்டையில் கோடு வெட்டியவர், ஒட்டுப்பால் (காய்ந்து ஒட்டிய ரப்பர் பால்) நாற்றம் லீவு நாளில்கூட கையை விட்டுப் போகாது. அவரிடம் பத்து மணிக்குப் பூந்தோட்டம், மதியம் பாட்டு என்று சொன்னால் சிரிப்பார்தான், ஆனால் வேண்டாம் என்பாரா? இன்னொன்று, பெண்களுக்கு உரிமை எந்த அளவு கூடுகிறதோ அந்த அளவுக்குத்தான் சமுதாயம் முன்னேறும் என்று 1808லேயே எழுதியவர். அதை விட்டுவிடாதீர்கள்.

பட்டர்வொர்த்வாசி:
யாராவது கட்டிப் பார்த்தார்களா?

கித்தாக்காடு:
அவர் இருந்தவரை உருப்படியாக எதுவும் இல்லை. பணம் போட ஒரு புண்ணியவான் வருவார் என்று தினமும் நண்பகலில் வீட்டில் காத்திருப்பாராம், 1837இல் சாகும்வரை ஒருத்தரும் வரவில்லை. அமெரிக்காவில் அவர் கொள்கையை ஏற்ற புரூக் ஃபார்ம் என்ற கூட்டுக் குடியிருப்புக்காரர்கள் பாதி கட்டிய கட்டடம் 1846இல் தீயில் போனது. நிலைத்தது என்றால் பிரான்சில் கீஸ் ஊர்தான். கோதான் என்ற இரும்படுப்பு ஆலை முதலாளி 1859இல் தொடங்கி, கண்ணாடிக் கூரை போட்ட முற்றத்தோடு தொழிலாளர்களுக்கு வீடு கட்டினார், 1880இல் ஆலையையே கூட்டுறவாக்கிவிட்டார். கட்டடம் இன்னும் நிற்கிறது, படம் தேடி எடுத்துப் போட்டுக் காட்டுங்கள்.