வாலாஜா பக்கம் மூடிக் கிடக்கும் தண்ணீர் பார்க்: குத்தகைக்கு எடுக்கலாமா?

பாலாற்றங்கரை
பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் பார்க். ஒரு குளம் (500 சதுர மீட்டர், சுமார் 5 லட்சம் லிட்டர்), மூன்று ஃபைபர் சறுக்கு, ஒரு ஜெயண்ட் வீல். அட்வான்ஸ் கொடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்கணும்? பெயிண்ட் அடித்து கோடை லீவுக்குத் திறந்துடலாம் என்கிறார் பார்ட்னர்.

குழாய்மேஸ்திரி
பெயிண்ட் கடைசி வேலை சார். முதலில் போர் தண்ணீரை லேபில் கொடுத்து டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு), கடினத்தன்மையோடு குரோமியமும் பார்க்கச் சொல்லுங்க. ராணிப்பேட்டை சுற்றுவட்டாரத்தில் தோல் கழிவு இறங்கிய நிலத்தடி நீர் உண்டு. குரோமியம் வந்தால் பேச்சை அங்கேயே முடிச்சிடுங்க.

அடுத்து கசிவு. குளத்தை நிரப்பி, ஒரு வாளியில் அதே தண்ணீரை ஊற்றி, படியில் பாதி மூழ்கும்படி வையுங்க. உள்மட்டம், வெளிமட்டம் இரண்டுக்கும் கோடு போட்டு, பம்பை நிறுத்தி 24 மணி நேரம் விடணும். வாளிக்குள் குறைந்தது வெயில் குடித்தது. வெளியே அதைவிடக் கூடுதலாகக் குறைந்தால் அந்த வித்தியாசம் கசிவு. 10 மில்லிமீட்டர் என்றால் உங்க குளத்தில் தினம் 5000 லிட்டர். மே மாசம் டேங்கர்காரருக்குத்தான் லாபம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் குளத்தைக் காலி பண்ணாதீங்க, ஊற்று ஏறி அடித்தளத்தைத் தூக்கிடும்.

தண்ணீரில் குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), பிஎச் என்கிற அமில-காரத்தன்மை 7.2 முதல் 7.8 இருக்கணும். உங்க குளத்தில் ஒரு பிபிஎம் ஏற்ற 10 சதவீத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம்) 5 லிட்டர் ஆகும். நம்ம ஊர் வெயிலில் அது கேனிலேயே வீரியம் இழக்கும், மொத்தமாக வாங்கி அடுக்காதீங்க. மலிவு என்று பிளீச்சிங் பவுடர் போட்டால், உப்புத் தண்ணீரில் சுண்ணாம்பு படிந்து மணல் ஃபில்டர் இறுகும்.

வெல்டிங்பட்டறை
சறுக்கை நாணயத்தால் தட்டிப் பாருங்க. பொத்தென்று கேட்டால் உள்ளே ஃபைபர் லேயர் பிரிஞ்சிருக்கு. போல்ட் ஓட்டையைச் சுற்றி நட்சத்திர வெடிப்பு இருந்தால் அந்தப் பீஸையே மாற்றணும். மேலே ஜெல்கோட் (ஃபைபரின் பளபளப்பு மேற்பூச்சு) பூசுவது கண்துடைப்பு. சறுக்குக் கோபுரத்தின் இரும்புத் தூண் துருப்பிடிப்பது தண்ணீர் தேங்கும் அடித்தட்டில்தான், அங்கே அல்ட்ராசோனிக் (ஒலியலை) கருவியில் தடிமன் அளக்கச் சொல்லுங்க. பம்பில் பழைய மோட்டாருக்குப் பதில் சின்ன மோட்டார் போட்டிருந்தால் சறுக்கில் தண்ணீர் போதாமல் ஆள் நடுவில் நிற்பார், பின்னால் வருபவர் மோதுவார். மணல் மூட்டை விட்டுப் பார்க்காமல் ஆளை ஏற்றாதீங்க. ரைடுகளுக்கு ஐஎஸ் 15475 (ரைடு பாதுகாப்புக்கான இந்தியத் தரநிலை) படி இன்ஜினியர் சான்றும் வேணும்.

கணக்குப்புள்ள
மூடிய பார்க் எழுந்ததும் உண்டு. அமெரிக்காவில் கென்டக்கி கிங்டம் 2010-ல் நின்று, தண்ணீர் பகுதியைப் பெரிதாக்கிக்கொண்டு 2014-ல் திறந்தது. இங்கிலாந்தின் டிரீம்லேண்ட் 2015-ல் வேலை முடியாமலே திறந்து, மறுவருஷமே திவால் நிர்வாகத்துக்குப் போனது. உங்க பார்ட்னரிடம் இரண்டாவதைச் சொல்லுங்க.

ஸ்ரீபுரம் கூட்டத்தை நம்பி கணக்குப் போடாதீங்க. கோயிலுக்கு வருபவர் மாற்றுத்துணியோடு வருவதில்லை. குளமும் ஒரு சறுக்கும் மட்டும் திறந்து, வார நாளுக்குப் பள்ளிக்கூட டூர் பிடியுங்க.

பாலாற்றங்கரை
அப்போ வீலைக் கழற்றி விற்றுடலாமா?

வெல்டிங்பட்டறை
எடைக்குத்தான் போகும். அதுக்கு முன்னாடி, வீலை விற்கும் உரிமை உங்களுக்கு வருதா, இல்லை அது நிலக்காரர் சொத்தாகவே இருக்கா என்று குத்தகைப் பத்திரத்தில் பாருங்க.