டெர்மினலில் இமோஜி அகலம் – வழி சொல்லுங்களேன்

வணக்கம் மக்களே. என் பேக்கப் ஸ்கிரிப்ட் வேலை முடிந்தால் டெர்மினலில் (கட்டளை தட்டும் எழுத்துத் திரை) பச்சை டிக் போடும், சந்தேகம் என்றால் மஞ்சள் முக்கோணம். டிக் எங்கேயும் ஒழுங்காக 2 கட்டம் (சாதாரண ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 கட்டம்) எடுக்கிறது. முக்கோணம்தான் படுத்துகிறது. ஆபீஸ் லேப்டாப்பில் அடுத்த எழுத்தின் மேல் பாதி ஏறி உட்காருகிறது. வீட்டில் கறுப்பு வெள்ளையில் பொடியாக. ஸ்கிரிப்ட் காட்டும் டேபிளின் வலதுகோடு பாம்பாய் நெளிகிறது.

தோண்டியதில் தெரிந்தது: யூனிகோடில் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகத் தரம்) முக்கோணம் அடிப்படையில் 1 கட்ட எழுத்து. பின்னால் கண்ணுக்குத் தெரியாத வேரியேஷன் செலக்டர் 16 என்ற குறி சேர்ந்தால் இமோஜி. அப்போது அகலம் 1 ஆ 2 ஆ என்பதில் டெர்மினலுக்கு டெர்மினல் கணக்கு வேறு.

எந்த ஃபான்ட் முதலில் என்று முடிவு செய்யும் ஃபான்ட்கான்ஃபிக்கில் நோட்டோ கலர் இமோஜி ஃபான்ட்டை முதலில் வைத்தேன். கலர் வந்தது, அகலம் மாறவில்லை. போதாக்குறைக்கு எண்களும் அதிலிருந்தே வந்து விரிந்து நிற்கின்றன!

செலக்டரை வெட்டிவிடலாமா, கோடு போடும் முன் கர்சரைக் குறிப்பிட்ட நெடுவரிசைக்கு (column) நகர்த்தலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். டீமக்ஸுக்குள்ளும் (ஒரே டெர்மினலில் பல திரைகளை வைத்துக்கொள்ள உதவும் புரோகிராம், tmux) ஓடணும்.