நன்னீர் மட்டியின் இளநிலைக்குக் ‘கவ்வுகுடம்பி’: ஒரு பரிந்துரை

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நன்னீர் மட்டிகளைக் கணக்கெடுப்பதற்கான கையேட்டைத் தமிழாக்கும்போது, மட்டியின் லார்வாப் பருவத்தைக் குறிக்கும் ‘குளோக்கிடியம்’ என்ற சொல்லுக்கு என்ன எழுதுவது என்று சென்ற வாரம் தொடங்கிய உரையாடலில், ஒட்டுண்ணி மட்டி, கொக்கிச் சிப்பி, மட்டிக்குஞ்சு என மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றையும் கையேட்டின் வாக்கியங்களில் வைத்து எழுதிப் பார்த்தேன். எதுவும் சரியாகப் பொருந்தவில்லை என்பதால் ‘கவ்வுகுடம்பி’ (குடம்பி என்றால் லார்வா) என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். பெண் மட்டியின் செவுள்களுக்குள் கருவுற்று வளரும் முட்டைகள், இரண்டு சிறு ஓடுகளும் அவற்றை இழுத்து மூடும் ஒரே ஒரு தசையும் கொண்ட இளவுயிர்களாகி நீரில் வெளிவிடப்படுகின்றன. பெரும்பாலான இனங்களில் இவற்றின் அளவு அரை மில்லிமீட்டரைக்கூட எட்டாது. ஒரு மீனின் செவுளோ துடுப்போ பட்ட கணத்தில் இவை ஓடுகளைப் படக்கென்று மூடித் திசுவைப் பிடித்துக்கொள்கின்றன. மீனின் மேற்றோல் சுற்றிலும் வளர்ந்து இவற்றை மூடிவிட, அந்தச் சிறு பைக்குள் சில வாரங்களோ பல மாதங்களோ தங்கியிருந்து, குட்டி மட்டியாக உருமாறி ஆற்றடி மணலில் உதிர்கின்றன. மீன் கிடைக்காதவை சில நாட்களில் மடிந்துபோகின்றன.

முதுகலை படித்தபோது, குளத்திலிருந்து கொண்டுவந்த லாமெல்லிடென்ஸ் மார்ஜினாலிஸ் மட்டி ஒன்றின் செவுளிலிருந்து எடுத்த துளியை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். திறந்து வைத்த சிமிழ்களைப் போல அவை அசையாமல் கிடந்தன. ஆசிரியர் ஓர் உப்புக்கல்லைப் பொடித்துத் துளியின் ஓரத்தில் தூவச் சொன்னார். உப்பு கரைந்து பரவப் பரவ, ஓரத்தில் இருந்தவை முதலிலும் நடுவில் இருந்தவை பிறகுமாக ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டே வந்தன. உயிருள்ளவை மூடும், செத்தவை திறந்தபடியே கிடக்கும். மட்டிகளை வளர்த்து ஆற்றில் விடும் கூடங்களில் உயிர்ப்பைச் சோதிக்க இன்றும் இதே முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். பக்கத்தில் இருந்த தோழி “எல்லாம் கவ்வுது” என்றாள். அட்டை ஒட்டும், கொடி பற்றும், நாய் கவ்வும். இரண்டு தாடைகள் சேர்ந்து மூடுவதைத் தமிழ் ‘கவ்வு’ என்றே சொல்கிறது. இந்த உயிரிக்கு உடல் முழுதும் அந்த இரண்டு தாடைகள்தாம்.

‘ஒட்டுண்ணி மட்டி’ என்று எழுதிய ஐயாவின் பரிந்துரையில் உண்மை இருக்கிறது. இந்தப் பருவம் மீனைச் சார்ந்தே கழிகிறது. ஆனால் பழைய பிழை ஒன்றின் தடமும் அதில் இருக்கிறது. 1797இல் விலங்கியலாளர் ராத்கே இவற்றை மட்டியின் செவுளில் கண்டு, மட்டியைத் தாக்கும் தனி உயிரினம் என்று எண்ணி ‘குளோக்கிடியம் பாராசிட்டிகம்’ என்று பெயரிட்டார். இவை மட்டியின் சொந்தப் பிள்ளைகள் என்பது பின்னர் உறுதியானபோது இனப்பெயர் போயிற்று, முதற்சொல் மட்டும் பருவத்தின் பெயராகத் தங்கிவிட்டது. அது ஒருபுறமிருக்க, கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு மீனவரிடம் பேசப்போகிறவர் ‘ஒட்டுண்ணி’ என்று சொன்னால், அடுத்த கேள்வி ‘இதற்கு என்ன மருந்து?’ என்பதாகவே இருக்கும். காக்க வேண்டிய ஒன்றை நோயாகக் காட்டும் சொல் நமக்கு வேண்டாம்.

‘கொக்கிச் சிப்பி’யில் உள்ள ‘கொக்கி’, குளோக்கிடியத்தின் கிரேக்க மூலத்துக்கு நெருக்கமானது. அந்த மூலச்சொல் அம்பு முனையைக் குறிக்கும். ஆயினும் எல்லா இனங்களுக்கும் கொக்கி கிடையாது. துடுப்பில் பிடிப்பவற்றுக்குப் பெரும்பாலும் உண்டு, செவுளில் தங்கும் பலவற்றுக்கு இல்லை. ‘மட்டிக்குஞ்சு’ காதுக்கு இனிமையானது, ஆனால் மீனிலிருந்து உதிர்ந்த குட்டி மட்டியையும் அதுவே குறித்துவிடும்.

‘குடம்பி’ தமிழ்நாட்டு வாசகருக்குப் பழக்கமில்லை என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார். இலங்கைப் பாடநூல்களில் லார்வாவுக்கு அதுவே வழக்குச் சொல். கூட்டையும் முட்டையையும் குறிக்கும் பழைய ‘குடம்பை’யை அது நினைவூட்டுகிறது. குடம்பிக்குப் பதிலாக ‘இளவுயிரி’யைச் சேர்த்துக் ‘கவ்விளவுயிரி’ என்றால் வாசிப்பவர் எங்கே பிரிப்பது என்று திணறுவார். கவ்வுகுடம்பி வினைத்தொகை என்பதால் இடையில் ஒற்று மிகாது. ‘ஊறுகாய்’ போலச் சேர்த்தே எழுதலாம். இதே முறையில், இடம் கொடுக்கும் மீனை ‘ஓம்புமீன்’ என்று எழுதலாம்.

இந்தச் சொற்கள் கணக்கெடுப்புப் படிவத்திலேயே ஏன் வேண்டும் என்பதற்கு ஐரோப்பிய நன்னீர் முத்துமட்டியைச் சொல்வேன். அது நூறாண்டுக்கு மேலும் வாழக்கூடியது. ஒரு பெண் மட்டி ஒரு பருவத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கவ்வுகுடம்பிகளை வெளிவிடும். ஆனால் அட்லாண்டிக் சால்மனும் பழுப்பு டிரவுட்டும் மட்டுமே அதற்கு ஓம்புமீன்கள். அவை குறைந்துபோன ஆற்றிலும், சரளைக்கற்களின் இடுக்குகளை வண்டல் அடைத்துவிட்ட ஆற்றிலும் முதிய மட்டிகள் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும், எண்ணிப் பார்ப்பவருக்குக் கூட்டம் நலமாகவே தோன்றும். இளம் மட்டி ஒன்றுகூட இல்லை என்பது வயதுவாரியாகப் பார்த்தால்தான் தெரியும். சங்கிலி எங்கே அறுந்தது என்பது மீனின் செவுளைப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே படிவத்தின் நான்காம் பத்தியை ‘ஓம்புமீனின் செவுளில் கவ்வுகுடம்பிகளின் எண்ணிக்கை’ என்று மாற்றியிருக்கிறேன். மட்டிகளிலேயே சில ஆப்பிரிக்க, தென்னமெரிக்கக் குடும்பங்களின் குடம்பிக்கு இப்படி இரண்டு ஓடுகள் கிடையாது; ‘லாசிடியம்’ எனப்படும் அது நாடா போன்ற நீண்ட இழையோடு மீனைச் சேர்கிறது. அதற்கு ‘இழைக்குடம்பி’ பொருந்துமா என்று இலங்கை நண்பர்கள் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.