ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன், இன்னும் உறுத்துகிறது

மாடவீதி:
அறுபத்துமூவர் அன்று மயிலாப்பூரில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தெற்கு மாடவீதியில் நீர்மோர்ப் பந்தலை ஒட்டி நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண், கூடவே பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன். மேளம் நெருங்க நெருங்க அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு கத்தினான். முன்னும் பின்னும் ஆடினான். என் காலை இரண்டு முறை மிதித்தான். "பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிகிறதே, உங்கள் ஆசைக்காக ஏன் இழுத்து வருகிறீர்கள்?" என்று கேட்டேன். பக்கத்தில் இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். அந்தத் தைரியத்தில், "பெற்றவர்களுக்கு முதலில் புத்தி வேண்டும்" என்றும் சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் திரும்பவே இல்லை. பையிலிருந்து காதை மூடும் கருவியை எடுத்து அவனுக்கு மாட்டினார். மேளம் கடந்து போனது. நாயன்மார் சப்பரங்கள் வரத் தொடங்கின. அவன் ஆட்டத்தை நிறுத்தினான். யாரையும் பார்க்காமல், ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் சொல்ல ஆரம்பித்தான்: "திருநீலகண்டர், இயற்பகையார், இளையான்குடி மாறர், மெய்ப்பொருளார், விறன்மிண்டர், அமர்நீதியார்..." மூச்சு வாங்கினான், தொடர்ந்தான். அறுபத்து மூன்று பேரையும் சொல்லி முடித்தான். அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த எனக்குப் பத்துப் பெயர் வரிசையாக வராது.

அப்போதுதான் அவர் திரும்பினார். "மூன்று மாதமாகக் காலண்டரில் நாள் எண்ணிக்கொண்டிருந்தான், அம்மா. வேண்டாம் என்று சொன்னவள் நான்தான்." கோபம்கூட இல்லை அந்தக் குரலில். அடுத்த சப்பரம் வருவதற்குள் கூட்டம் எங்களைப் பிரித்துவிட்டது. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

திருவான்மியூர்:
என் அக்கா மகனுக்கும் ஆட்டிசம். நமக்கு வெறும் சத்தம். அவனுக்கு அது வலி. முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்கும் மத்திய அரசு நிறுவனத்துக்குப் போய்த்தான் அக்கா இதையெல்லாம் கற்றுக்கொண்டார். தெருவில் புத்தி சொன்னவர்கள் எத்தனையோ பேர். "அந்தப் பையைக் கொடுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன்" என்று சொன்னவர் ஒருவரும் இல்லை என்பார்.

சைதாப்பேட்டை:
நான் மறுபக்கம் நின்றவன். பேச்சு வாங்கியவன்.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு. அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. மின்சாரம் இல்லை, போன் இல்லை. கீழ்வீட்டுக்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் படியேறி வந்து என் கதவைத் தட்டினார்கள். கையில் பிறந்து இருபது நாள் ஆன குழந்தை. நான் கதவைத் திறக்கவில்லை. உள்ளே என் மனைவிக்கு அம்மை போட்டிருந்தது. கொப்புளம் வந்து மூன்றாம் நாள். அந்தக் காற்றுப் பட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், பச்சைக் குழந்தைக்கு அது உயிராபத்து. ஜன்னல் வழியாக மாடி அறைச் சாவி, பாய், இரண்டு போர்வை, ஒரு டப்பா பால்பவுடர் எல்லாம் கொடுத்தேன். காரணத்தையும் கத்திச் சொன்னேன். அந்த மழையில் எது கேட்டதோ. "நீயெல்லாம் மனிதனா?" என்று அந்த வீட்டுப் பெரியவர் கேட்டது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அந்த ஒரு கேள்வி தெரு முழுக்கப் போனது. வடிந்த பிறகு விளக்கம் சொன்னால் சாக்கு என்றார்கள். அடுத்த ஆண்டே வீடு மாறிவிட்டோம்.

வேளச்சேரி:
சைதாப்பேட்டை சார், தப்பாக நினைக்க வேண்டாம். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது வழக்கம்தானே? செருகியிருந்தால் யாரும் தட்டியிருக்கவே மாட்டார்கள். பெரியவரை மட்டும் குறை சொல்வது சரியில்லை. தண்ணீர் ஏறும்போது கைக்குழந்தையோடு நிற்பவரின் நிலையையும் பாருங்கள்.

சைதாப்பேட்டை:
செருகியிருந்தேன். அந்தக் காற்றில் ஓலைக் கூரையே நிற்கவில்லை.

வேளச்சேரி:
கேட்டுவிட்டு எழுதியிருக்க வேண்டும். மன்னியுங்கள்.

பாரிமுனை:
மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்களோடு ஒருவர் சரக்கு இறக்கும் வேலையில் இருந்தார், என்னைவிட மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் மூன்று மணிக்குத் தள்ளாடிக்கொண்டு வந்தார். நாக்குக் குழறியது, சட்டை நனைந்திருந்தது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் எரிந்து விழுந்தார். நான் முதலாளியிடம் போய், "அண்ணா போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்" என்றேன். அன்றே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். போகும்போது வாசலில் கிடந்த வெல்ல மூட்டையிலிருந்து ஒரு கட்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதற்கும் ஒரு திட்டு வாங்கினார்.

சாயங்காலம் மேசைக்கு அடியில் அவருடைய டிபன் டப்பாவைப் பார்த்தேன். திறக்கவே இல்லை. எலுமிச்சைச் சாதம், மூலையில் ஊறுகாய். அவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்று பிறகு இன்னொருவர் சொன்னார். இரண்டு லாரி சேர்ந்து வந்ததில் சாப்பிட விடவில்லையாம். அவர் வாயை நான் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாடை அடித்தது என்று நானே நம்பிக்கொண்டேன்.

செவிலியர், பெரம்பூர்:
பாரிமுனைத் தம்பி, எங்கள் வார்டுக்கும் இப்படி ஒருவரைக் குடிகாரர் என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள். நானும் முதல் ஐந்து நிமிடம் அப்படியே நினைத்து அடுத்த நோயாளியிடம் போனேன். அதனால் இதை எழுதியே ஆக வேண்டும். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தாழ்நிலை. வியர்க்கும், கை நடுங்கும், படபடக்கும். இன்னும் இறங்கினால் பேச்சுக் குழறும், குணமே மாறும். மூளைக்கு உணவே அந்தச் சர்க்கரைதான். அவர் கோபப்படவில்லை, அவர் மூளை பட்டினி கிடந்தது. நினைவு இருந்தால் உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சாதாரணக் குளிர்பானம் அரை டம்ளருக்கு மேல் இருந்தாலும் போதும்; சர்க்கரை இல்லாத வகை உதவாது. 15 நிமிடம் பொறுத்துச் சோதியுங்கள். ஏறாவிட்டால் மறுபடி கொடுங்கள். தெளிந்ததும் சாப்பாடு. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108 கூப்பிடுங்கள். கடையில் ஒரு சர்க்கரை டப்பா வையுங்கள், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில்.

அந்த வெல்லக் கட்டியை அவர் திருடித் தின்னவில்லை, தம்பி. தனக்குத்தானே வைத்தியம் பார்த்துக்கொண்டார்.

பாரிமுனை:
சிஸ்டர், கடைசி இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முதலாளியிடம் இன்று காலையில் சொன்னேன். ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "வீடு எங்கே என்று விசாரி" என்றார். வியாசர்பாடியில் இருப்பதாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. டிபன் டப்பா இத்தனை நாளும் என் அலமாரியில்தான் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போகிறேன்.