நம் தெருவில் ஆறு மாடி ஓட்டல்: அந்த 9 மீட்டர் எங்கே இருக்கிறது?

மூலைவீடு:
"வரைபடம்" என்ற பெயரில் எழுதுபவரின் பதிவைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தெருக்கோடிக் காலிமனையில் ஆறு மாடி, 72 அறை கொண்ட தங்கும் ஓட்டல் கட்ட விண்ணப்பம் போயிருக்கிறது. ஆட்சேப மனு கொடுத்தவர்களைப் பார்த்து அவர் சொன்னது இது: "தெரு 9 மீட்டர் அகலம், தாராளமாகப் போதும். எதிர்ப்பவர்களுக்கு எது புதிதாக வந்தாலும் பயம்."

ஐயா, அந்த 9 மீட்டர் எங்கே இருக்கிறது? நான் நாடா பிடித்து அளந்தேன். மின்மாற்றி நிற்கும் வளைவில் 6.8 மீட்டர். ஒரு கார் ஓரமாக நின்றால், கதவு திறக்கும் இடத்தையும் சேர்த்து 2 மீட்டர் போய்விடும். இரண்டு பக்கமும் நின்றால் மிச்சம் 2.8. தீயணைப்பு வண்டியின் உடம்பே சுமார் 2.5 மீட்டர், பக்கக் கண்ணாடிகள் தனி. 72 அறைகளில் ஆள் தூங்கும்போது தீப்பிடித்தால் அந்த வண்டி எப்படிப் போகும்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு எங்கள் பயத்தைப் பற்றிப் பேசுங்கள்.

வரைபடம்:
சார், நீங்கள் அளந்தது தார் போட்ட பகுதி. நகரத் திட்ட வரைபடத்தில் இந்தத் தெரு 9 மீட்டர். அனுமதி கொடுப்பவர்கள் வரைபடத்தைப் பார்ப்பார்கள், உங்கள் நாடாவைப் பார்க்க மாட்டார்கள். அதுவும் இருப்பதிலேயே குறுகலான இடமாகத் தேடிப்பிடித்து அளந்திருக்கிறீர்கள்.

மூலைவீடு:
ஆமாம், தேடிப்பிடித்துத்தான் அளந்தேன். தீயணைப்பு வண்டி சராசரி அகலத்தில் போகாது. மிகக் குறுகலான இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

சரி, 9 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். மீதி 2.2 மீட்டர் எங்கே? சாக்கடையிலா, மதிலுக்கு உள்ளேயா? காட்டுங்கள், வந்து பார்க்கிறேன்.

கீழ்த்தளம்:
அகலம் இருக்கட்டும். எனக்கு முக்கியமானது அந்தப் பின்வாசல். விண்ணப்ப வரைபடத்தில் சரக்கு இறக்கும் வாசலை எங்கள் குடியிருப்புப் பக்கம் வைத்திருக்கிறார்கள். படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே. விடிவதற்கு முன் லாரி பின்னோக்கி வரும் பீப் சத்தம், காலி பாட்டில்களைத் தொட்டியில் கொட்டும் சத்தம், துணி துவைக்கும் அறையின் காற்றுப்போக்கி, மொட்டைமாடிக் குளிர்சாதன எந்திரங்கள் ராத்திரி முழுக்க. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட இரவு இரைச்சல் வழிகாட்டுதலில், வீட்டுக்கு வெளியே ஆண்டுச் சராசரி 40 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. இங்கே என்ன வரும் என்று ஒரு கணக்குகூட விண்ணப்பத்தில் இல்லை. போக்குவரத்துக்கு அறிக்கை இணைத்தவர்கள் இரைச்சலுக்கு ஏன் இணைக்கவில்லை?

வரைபடம்:
அம்மா, இதற்கெல்லாம் வழி இருக்கிறது. சரக்கு வண்டிக்கு நேரக் கட்டுப்பாடு வைக்கலாம். எந்திரங்களைச் சுற்றி ஒலித்தடுப்பு கட்டலாம். நிபந்தனையோடு அனுமதி என்பது எல்லா ஊரிலும் உள்ள நடைமுறைதான். மொத்தமாக "வேண்டாம்" என்று எழுதும் மனுவைவிட, இன்னின்ன நிபந்தனை வேண்டும் என்று கேட்கும் மனுவுக்குத்தான் மதிப்பு அதிகம். ஆனால் இங்கே யாரும் கேட்கவில்லை. தெரு 9 மீட்டர் இல்லை, 9 மீட்டர் இல்லை என்றே கத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

மூலைவீடு:
இல்லாததை இல்லை என்றுதான் சொல்ல முடியும். நிபந்தனையைக் காகிதத்தில் எழுதிவிடலாம். ராத்திரி லாரி வந்தால் நிறுத்தப்போவது யார், நீங்களா? நீங்கள் நான்கு தெரு தள்ளி இருக்கிறீர்கள். உங்கள் தூக்கம் கெடாது.

வரைபடம்:
நான் எங்கே இருக்கிறேன் என்பதற்கும் வாதத்துக்கும் என்ன சம்பந்தம்?

மூலைவீடு:
சம்பந்தம் இருக்கிறது. 9 மீட்டர் என்று எழுதியவர் இந்தத் தெருவில் ஒருநாளாவது வண்டியைப் பின்னுக்கு எடுத்திருக்க வேண்டும்.

நடுவில் ஒருவன்:
ஒரு நிமிடம். மதிலிலிருந்து மதில் வரை அளப்பதா, தார் விளிம்பிலிருந்து விளிம்பு வரை அளப்பதா என்று முதலில் முடிவுசெய்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடாதா? இருவரும் சொல்வது சரியாகவே இருக்கலாம்.

மூலைவீடு:
தம்பி, எப்படி அளந்தாலும் 9 வராது.

வரைபடம்:
எப்படி அளந்தாலும் வரைபடத்தில் 9-தான்.

புதுக்குடி:
நான் வரைபடம் சார் பக்கம். ஓட்டல் வந்தால் குறைந்தபட்சம் உரிமம், பதிவேடு, தீப்பாதுகாப்புச் சோதனை எல்லாம் இருக்கும். இப்போது இதே தெருவில் சில வீடுகள் இணையம் வழியாக நாள் வாடகைக்குப் போகின்றன. யார் வருகிறார்கள், எப்போது போகிறார்கள், ஒன்றும் தெரியாது. பார்சிலோனா நகரம் 2028 நவம்பருக்குள் சுற்றுலா வாடகை வீடுகளின் உரிமங்களை மொத்தமாக முடிக்கப்போவதாக 2024-ல் அறிவித்தது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உரிமங்கள். பிரச்சினை குடியிருப்புக்குள் நடக்கும் அந்த வாடகைதான். முறையாகக் கட்டி நடத்தும் ஓட்டல் இல்லை.

கீழ்த்தளம்:
பார்சிலோனாவைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். அதே நகரம் 2017-ல் கொண்டுவந்த தங்குமிடத் திட்டத்தில் நகர மையத்தில் புது ஓட்டலே கூடாது என்று வைத்தது. ஆம்ஸ்டர்டாம் 2024-ல் என்ன சொன்னது? ஓர் ஓட்டல் மூடினால்தான் இன்னொன்று திறக்கலாம், படுக்கை எண்ணிக்கையும் கூடக் கூடாது. முறையாகக் கட்டும் ஓட்டல் பிரச்சினையே இல்லை என்றால் இந்த நகரங்கள் ஏன் தடுத்தன?

வரைபடம்:
அங்கே சுற்றுலாப் பயணிகள் நிரம்பி வழிகிறார்கள். இங்கே ஓர் ஓட்டலுக்கே இவ்வளவு கூச்சல். ஒப்பிடுவதற்கும் ஓர் அளவு வேண்டும்.

மூலைவீடு:
அளவைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்களா? 9 மீட்டர் என்று எழுதிய நீங்களா?

புதுக்குடி:
மூலைவீடு ஐயாவிடம் ஒரு கேள்வி. உங்கள் வாசலில் கார் ஏற்ற சிமெண்ட் சாய்தளம் போட்டிருக்கிறீர்களே, அது தெருவுக்குள் எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது? அதையும் நாடா பிடித்து அளந்தீர்களா? தொலைந்துபோன 2.2 மீட்டரில் கொஞ்சம் அங்கேயே கிடைக்கும்.

மூலைவீடு:
வந்து ஆறு மாதம் ஆகவில்லை, அதற்குள் என் வாசலை அளக்கக் கிளம்பிவிட்டீர்கள். சாய்தளம் போட்டது மழைத்தண்ணீர் உள்ளே வருவதால். தெருவில் பாதி வீடுகளில் இருக்கிறது. அதை வைத்து 72 அறை ஓட்டலை நியாயப்படுத்த வேண்டாம். நான் அளந்த வளைவில் யார் வீட்டுச் சாய்தளமும் இல்லை, மின்மாற்றி மட்டும்தான். 6.8. மறுபடியும் சொல்கிறேன், 6.8.

ஐந்தாம் எண்:
எனக்குத் தெரிந்து யாரும் சொல்லாத விஷயம். என் பால்கனியிலிருந்து தெரியும் வானமே மறைந்துவிடும். வீட்டு மதிப்பும் விழும். மனுவில் இதையும் சேர்க்க வேண்டும்.

வரைபடம்:
இங்கிலாந்துத் திட்ட அனுமதி முறையில் இந்த இரண்டையும் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். தனிப்பட்ட காட்சி மறைவதும் வீட்டு விலை இறங்குவதும் ஆட்சேபமாக நிற்காது. வெளிச்சம் குறைவது, பக்கத்து ஜன்னலிலிருந்து வீட்டுக்குள் பார்க்க முடிவது, இரைச்சல், போக்குவரத்து, இவை நிற்கும். எதை எழுத வேண்டும் என்றுகூடத் தெரியாமல்தான் மனு போடுகிறீர்கள்.

மூலைவீடு:
ஐந்தாம் எண் அம்மா, இவர் சொல்வதைக் கேட்டுச் சோர்ந்துபோக வேண்டாம். ஆனால் வானத்தை விட்டுவிடுங்கள். எல்லாரும் தெரு அகலத்தை மட்டும் எழுதுங்கள். ஒரே விஷயத்தை நூறு பேர் எழுதினால்தான் உறைக்கும்.

கொத்தனார் மகன்:
நூறு பேர் ஒரே வரியை நகலெடுத்து அனுப்பினால் ஒரே ஆட்சேபமாக எண்ணி ஓரமாக வைத்துவிடுவார்கள். அவரவர் வீட்டுக்கு என்ன பாதிப்பு என்று அவரவர் எழுதுங்கள்.

எனக்கு அகலத்தைவிட ஆழம்தான் கவலை. நிலத்துக்குக் கீழே இரண்டு தளம் தோண்டப்போகிறார்கள். குழியில் ஊறும் தண்ணீரை வேலை முடியும்வரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள். அப்போது பக்கத்து மண்ணில் நீர்மட்டம் இறங்கும். மண் இறுகி அமுங்கும். அடித்தளம் ஒரே சீராக இறங்காமல் ஒரு மூலை மட்டும் இறங்கினால் சுவரில் சாய்வாக விரிசல் ஓடும். ஜன்னல் மூலையிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்கும். தோண்டுவதற்கு முன்பே சுற்றியுள்ள வீடுகளின் சுவர், தரை, மதில் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பிறகு விரிசலைக் காட்டும்போது "அது ஏற்கெனவே இருந்தது" என்பார்கள். எங்கள் உறவினர் வீட்டில் அப்படித்தான் நடந்தது, இழப்பீடு ஒன்றும் வரவில்லை. மனுவில் இதைக் கேளுங்கள். 9 மீட்டரை அப்புறம் பார்க்கலாம்.

மூலைவீடு:
நல்ல யோசனை தம்பி, சேர்த்துக்கொள்வோம். ஆனால் 9 மீட்டரை அப்புறம் பார்க்க முடியாது. அனுமதியே அந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது.

முன்னாள் வாத்தியார்:
குடியிருப்பையும் வியாபாரத்தையும் பிரிப்பது ஏதோ நம் பிடிவாதம் என்பதுபோல இங்கே பேசுகிறார்கள். 1926-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் யூக்ளிட் என்ற கிராமத்துக்கும் ஆம்ப்ளர் ரியல்டி நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், இன்ன பகுதியில் இன்ன கட்டடம்தான் என்று வகுக்கும் அதிகாரம் உள்ளாட்சிக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி சதர்லாந்து ஓர் உதாரணம் சொன்னார்: சரியான பொருளே தவறான இடத்தில் இருந்தால் தொல்லையாகிவிடும், தொழுவத்தில் இருக்க வேண்டிய பன்றி வரவேற்பறையில் இருப்பதைப் போல. ஓட்டலே கூடாது என்று யார் சொன்னார்கள்? பெருஞ்சாலையில் கட்டட்டும். இந்த இடம் தவறு.

புதுக்குடி:
ஆக, ஓட்டலில் தங்க வருபவர்கள் பன்றிகள். நன்றி ஐயா. நானும் வேலைக்காக மாதக்கணக்கில் ஓட்டல்களில் தங்கியவன்தான்.

முன்னாள் வாத்தியார்:
நான் அப்படிச் சொல்லவில்லை. மறுபடி படியுங்கள். முப்பது வருடம் பாடம் நடத்தியவன், ஒருவரை விலங்கு என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

வரைபடம்:
வாத்தியார் ஐயா அதே தீர்ப்பில் அடுத்த பகுதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். தனி வீடுகள் உள்ள பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பு பல சமயம் வெறும் ஒட்டுண்ணி என்று அதே சதர்லாந்து எழுதியிருக்கிறார். கீழ்த்தளம் அம்மா அடுக்குமாடியில்தானே இருக்கிறார்? அப்படிப் பார்த்தால் அவர் கட்டடமும் இந்தத் தெருவுக்கு வந்திருக்கக் கூடாது.

கீழ்த்தளம்:
என்னை ஒட்டுண்ணி என்கிறீர்களா? எங்கள் கட்டடத்தில் இருப்பவை எட்டு வீடுகள். எட்டு குடும்பங்களும் வருடக்கணக்காக இங்கேயே இருக்கிறோம். குப்பைத்தொட்டி நகர்ந்தாலும் தெருவிளக்கு அணைந்தாலும் புகார் கொடுப்பது நாங்கள். ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகிறவர்களோடு எங்களைச் சேர்த்துப் பேசாதீர்கள்.

வரைபடம்:
நான் சொல்லவில்லை அம்மா, தீர்ப்பு சொல்கிறது. தீர்ப்பை இழுத்தது உங்கள் பக்கம்.

ஐந்தாம் எண்:
அந்த எட்டு வீட்டுக் கட்டடம் வந்தபோதும் எங்கள் வெளிச்சம் போனது. அன்று நாங்கள் ஆட்சேபித்தபோது கையெழுத்துப் போட ஒருவரும் வரவில்லை. மூலைவீட்டுக்காரரும் வரவில்லை.

மூலைவீடு:
அன்று நான் ஊரில் இல்லை. பழைய கதையை இப்போது கிளறினால் லாபம் ஓட்டல்காரருக்குத்தான். விஷயத்துக்கு வருவோம். 72 அறைக்கு வரைபடத்தில் காட்டியிருக்கும் வண்டி நிறுத்துமிடம் 20. மூன்று ஷிப்ட் ஊழியர்களின் வண்டிகள் எங்கே நிற்கும்? வாடகைக் கார்கள் ஆளை இறக்க மனைக்குள் ஒரு வளைவுப் பாதைகூட இல்லை. நடுத்தெருவில் நிறுத்திப் பெட்டியை இறக்குவார்கள். அப்போது 6.8-ல் மிச்சம் எவ்வளவு என்று வரைபடம் சார் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

வரைபடம்:
சொல்கிறேன். பிரிட்டன் கட்டட விதிகளின் வழிகாட்டுதலில் தீயணைப்பு வண்டிக்குத் தேவையான பாதை 3.7 மீட்டர். உங்கள் 6.8-ஐயே எடுத்துக்கொண்டாலும், ஒரு பக்கம் வண்டி நிறுத்தத் தடை போட்டால் 4.8 இருக்கிறது. தாராளம். உங்கள் அளவை வைத்தே உங்கள் வாதம் விழுந்துவிட்டது.

மூலைவீடு:
உங்களுக்குச் சாதகமான நாட்டைத் தேடிப்பிடித்திருக்கிறீர்கள். அமெரிக்காவில் பல நகரங்கள் பின்பற்றும் பன்னாட்டுத் தீயணைப்பு விதித்தொகுப்பில் தடையில்லாத 20 அடி கேட்கிறார்கள், அதாவது 6.1 மீட்டர். 6.8-ல் ஒரு பக்கம் ஒரு கார் நின்றாலே அது இல்லை. எது தாராளம்? உயிர் போகும் விஷயத்தில் குறைந்த எண்ணைத் தேடுவதா?

அப்புறம், இப்போது நீங்களே 6.8-ஐ எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டீர்கள். 9 என்ன ஆயிற்று?

வரைபடம்:
வாதத்துக்காக எடுத்தேன். தெரு 9 மீட்டர்தான்.

கொத்தனார் மகன்:
வீட்டுச் சுவர்களைப் படம் எடுக்கும் விஷயத்தைப் பற்றி யாராவது பேசுகிறீர்களா? ஆட்சேபம் கொடுக்கக் கடைசித் தேதி நெருங்குகிறது.

புதுக்குடி:
சாய்தளத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

மூலைவீடு:
பதில் சொல்லியாகிவிட்டது. படிக்கத் தெரியாதவருக்கு இரண்டாம் தடவை எழுத எனக்கு நேரமில்லை. மனுவில் முதல் பத்தி தெரு அகலம். நாடாவோடு எடுத்த படங்களை இணைக்கிறேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் என் வீட்டுக்கு வாருங்கள்.

ஐந்தாம் எண்:
வெளிச்சத்தைச் சேர்க்காவிட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். தனியாக மனு கொடுத்துக்கொள்கிறேன்.

கீழ்த்தளம்:
பின்வாசல் இரண்டாம் பத்தியில் வரவேண்டும். கடைசியில் ஒரு வரியாகப் போட்டால் எங்கள் எட்டு வீடும் வராது.

வரைபடம்:
படங்களை அனுப்பும்போது உங்கள் வாசலையும் சேர்த்து அனுப்புங்கள் சார். நானும் ஒரு கடிதம் அனுப்பப்போகிறேன், ஓட்டலை ஆதரித்து.

மூலைவீடு:
அனுப்புங்கள். அதில் 9 மீட்டர் என்று மறக்காமல் எழுதுங்கள். நேரில் அளக்க வருகிறவர்கள் முன்னால் அதை வைத்தே பேசிக்கொள்கிறேன்.